கலைச்சொல்: ட்ரினிடாட் 'கிரீன் சீசனிங்' – தமிழில் என்ன?

செ.கு.:
வணக்கம். சமையற்கலைப் பாடநூலின் கரீபியன் இயல் வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. 'கிரீன் சீசனிங்' என்பதற்குச் சொல் வேண்டும். ஷாடோ பெனி (மல்லி மணமுள்ள ஒரு கீரை) இலை 25, வெங்காயத்தாள் 1 கட்டு, தைம் 10 கொத்து, கற்பூரவல்லி 5 இலை, பூண்டு 12 பல், காரமில்லாத பிமெண்டோ மிளகாய் 6, உப்பு 1 தேக்கரண்டி, வினிகர் 2 மேசைக்கரண்டி, கொரகொரப்பாக அரைப்பது. 1 கிலோ கோழிக்கு 3 மேசைக்கரண்டி பிசறி, 2 மணி நேரமாவது ஊறவிடுவார்கள். இப்போதைக்கு 'பச்சை மசாலா' என்று வைத்திருக்கிறேன்.

ம.நா.:
மசாலா அரபியிலிருந்து வந்த சொல். நம்மிடம் 'குய்' இருக்கிறதே! குறுந்தொகை 167-இல் 'குய்ப்புகை கழும' என்று வருகிறது. கொய்ததால் குய் என்பது என் துணிபு. 'பசுங்குய்' என்போம்.

தி.வே.:
ஐயா, கொய்தலுக்கும் குய்க்கும் உறவு காட்டச் சான்று இல்லை. குய் என்பது தாளிப்பு. அதனால்தான் அங்கே புகை வருகிறது. இதுவோ அடுப்பைப் பார்க்காமல் குப்பிக்குப் போவது. போர்ட்டோ ரிக்கோவில் சமையலுக்கு அடிப்படையாகச் சேர்க்கும் சோஃப்ரிட்டோ என்ற அரைப்பு என்றாலாவது ஒப்பலாம். அந்தப் பெயருக்கு மூலமான ஸ்பானிய 'சோஃப்ரெயிர்' என்றால் இலேசாக வதக்குவது. அதையும் இன்று பச்சையாக அரைத்து உறையவைத்து, சமைக்கும்போதுதான் வதக்குகிறார்கள். 'பச்சிலை விழுது' போதும். இஞ்சி பூண்டு விழுது தெரியாத வீடு இல்லை.

செ.கு.:
விழுது என்றால் மாணவர்கள் மைய அரைத்துவிடுவார்களே. மிக்சி தொடர்ந்து ஓடினால் சூடேறி இலை கறுக்கும், பூண்டு நெடி தூக்கும். விட்டு விட்டுச் சுழற்ற வேண்டும். கழுவிய இலையில் ஈரம் நின்றால் தண்ணீர் பிரிந்து நிற்கும். கற்பூரவல்லி கூடினால் கஷாய வாடை வந்துவிடும்.

ந.சி. (யாழ்ப்பாணம்):
எங்கட பக்கம் கறிக்கு அரைக்கிறதைச் சரக்கு எண்டுதான் சொல்லுறது. 'பச்சைச்சரக்கு' எண்டு வையுங்கோ. மையா அரைச்சாலும் கொரகொரப்பா அரைச்சாலும் பொருந்தும்.

ம.நா.:
சென்னை வகுப்பறையில் சரக்கு என்றால் மதுதான். பச்சரிசி போலப் 'பச்சரைப்பு' என்று புணர்த்தலாம்.

தி.வே.:
கொங்கு நாட்டில் அது 'அரப்பு' என்று காதில் விழும், தலைக்குத் தேய்ப்பது. இருக்கட்டும், ஷாடோ பெனிக்கு என்ன போட்டிருக்கிறீர்கள்? பிரெஞ்சு 'ஷார்தோன் பெனி'யின் திரிபு அது. 1845 முதல் 1917 வரை ஒப்பந்தக் கூலிகளாகப் போன இந்தியர்களின் வழிவந்தோர் 'பந்தனியா' என்கிறார்கள். காட்டுத் தனியா என்று பொருள். 'காட்டுக்கொத்தமல்லி' என்றே எழுதலாம். ஆனால் இலை நீளமாக, விளிம்பில் பல்லோடு இருக்கும் என்று படம் போடுங்கள். மல்லித்தழையை மாற்றாகப் போட்டால் அளவை இரட்டிக்கச் சொல்லுங்கள்.

செ.கு.:
காட்டுக்கொத்தமல்லியை ஏற்கிறேன். சேமிப்புக் குறிப்பும் சேர்த்துவிட்டேன்: குளிர்பெட்டியில் 1 வாரம், மீதியைப் பனிக்கட்டித் தட்டில் உறையவைப்பது. பூண்டு இருப்பதால் எண்ணெயில் மூழ்கடித்து வெளியே வைத்தால் போட்டுலிசம் நஞ்சு உருவாகலாம்.
சொல்லைப் பொறுத்தவரை, தனி மடலில் எழுதியவர்களையும் சேர்த்தால் 'பச்சிலை விழுது' பக்கம்தான் ஆள் அதிகம். 'கொரகொரப்பாக' என்ற அடைமொழியோடு அதையே அனுப்புகிறேன்.

ந.சி.:
பச்சிலை எண்டால் வைத்தியர் தாற மூலிகை. பூண்டும் மிளகாயும் இலையே? என்ர மறுப்பையும் அடிக்குறிப்பில போடுங்கோ.