புதுப்பிப்பு: மிக்சியில் தீப்பொறி, காரணம் கார்பன் பிரஷ்

அம்மாவின் பழைய மிக்சி நின்று நின்று ஓடுகிறது, உள்ளே தீப்பொறி தெரிகிறது என்று கேட்டிருந்தேன். பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி. அடியிலுள்ள சிவப்பு ஓவர்லோடு பொத்தானை அழுத்தியதில் பலனில்லை. கார்பன் பிரஷ்ஷை (மோட்டாரின் சுழலும் பகுதிக்கு மின்சாரம் கடத்தும் சின்னக் கரித்துண்டு) பார்க்கச் சொன்னவர் சொன்னதுதான் சரி. பிளக்கைப் பிடுங்கி அடிமூடியைக் கழற்றினால், ஒரு பிரஷ் சுண்டுவிரல் நகம் அளவுக்குத் தேய்ந்து கிடந்தது. பழையதைக் கடைக்குக் கொண்டுபோய் அதே அளவில் ஜோடியாக வாங்குங்கள். ஒன்றை மட்டும் மாற்ற வேண்டாம்.

எதிர்பாராதது: பிரஷ் உரசும் கம்யூட்டேட்டரில், அதாவது மோட்டாரோடு சுழலும் செம்புப் பட்டைகளாலான உருளையில், செம்பே தெரியாத அளவுக்குக் கரி அப்பியிருந்தது. நைசான உப்புத்தாளால் லேசாகத் தேய்த்து, இடுக்கிலிருந்த தூளைப் பழைய டூத் பிரஷ்ஷால் தட்டிவிட்டேன். புது பிரஷ் படியும்வரை கொஞ்சம் பொறி வந்தது, அப்புறம் அடங்கிவிட்டது. நேற்று காய்ந்த மிளகாய் அரைத்தோம், நிற்கவில்லை.