ஃபுல் ஹெச்டி கல்யாண எடிட்டை டிவிடி ஆக்கினால் ஜரிகை துடிக்கிறது, முகம் சதுரமாக உடைகிறது: உதவி வேண்டும்

தஞ்சைக் கேமரா:
வணக்கம். கல்யாண வீடியோ எடுக்கிறேன், எடிட்டும் நானேதான். போன மாதம் முடித்த ஒரு கல்யாணம்: 1920×1080 இன்டர்லேஸ் (ஒரு ஃபிரேமை ஒன்றுவிட்டொரு வரியாக இரண்டு ஃபீல்டாகப் பிரிக்கும் முறை), நொடிக்கு 25 ஃபிரேம், மொத்தம் 2 மணி 40 நிமிடம். டைம்லைனில் கண்ணாடி மாதிரி இருக்கிறது. அதையே டிவிடியில் போட்டு டிவியில் பார்த்தால் மனசே விட்டுப்போகிறது.

கூறைப்புடவையின் ஜரிகைக் கரை ஓயாமல் துடிக்கிறது. தாலி கட்டும்போது மாப்பிள்ளையின் கை முன்னும் பின்னுமாக உதறுகிறது. அட்சதை விழும் நேரத்தில் முகமெல்லாம் சதுரம் சதுரமாக உடைகிறது. அந்த வீட்டார் திரும்பத் திரும்பப் பார்க்கப்போகிற இடமே அதுதான்.

மென்பொருளிலேயே இருக்கிற டிவிடி ப்ரீசெட், லோயர் ஃபீல்டு ஃபர்ஸ்ட் (கீழ் ஃபீல்டு முதலில்), ஒரே டிஸ்க். நாதஸ்வரம் நன்றாகக் கேட்கட்டும் என்று ஆடியோவை சுருக்காத பிசிஎம்மில் வைத்தேன். டிஸ்க்கில் அடங்குவதற்காக மென்பொருளே வீடியோ பிட்ரேட்டை (நொடிக்கு எவ்வளவு தரவு என்பதை) குறைத்துக்கொண்டது. பென்டிரைவில் கொடுக்கச் சொல்லாதீர்கள். பெண்ணின் பாட்டி வீட்டில் டிவிடி பிளேயர்தான் இருக்கிறது.

எடிட் மேசை:
தம்பி, நம்ம ஊர் டிவி முறையான பால் (PAL) டிவிடி 720×576. உங்கள் ஃபிரேமில் இருக்கிற புள்ளிகளில் சரியாக ஐந்தில் ஒரு பங்கு. அதனால் கூர்மை குறையத்தான் செய்யும். ஆனால் நீங்கள் சொன்ன மூன்றுமே சரிசெய்யக்கூடியவை.

சதுரம் உடைவதற்குக் காரணம் கணக்கில் இருக்கிறது. சாதாரண டிஸ்க் 4.7 ஜிபி, அதாவது சுமார் 37,600 மெகாபிட். உங்கள் படம் 9,600 நொடி. வகுத்தால் நொடிக்கு 3.9 மெகாபிட், படத்துக்கும் ஒலிக்கும் சேர்த்தே அவ்வளவுதான். பிசிஎம் மட்டும் 1.5 தின்றுவிடுகிறது. மிச்சத்தில், டிவிடியில் படத்தைச் சுருக்கும் எம்பெக்-2 என்ன செய்யும்? அட்சதை, ஹோமப் புகை, ஃபிளாஷ் வெளிச்சம் மூன்றுமே அதற்கு ஆகாதவை. ஒரு ஃபிரேமுக்கும் அடுத்ததற்கும் சம்பந்தமே இல்லாமல் எல்லாப் புள்ளியும் மாறுகிறது.

ஆடியோவை சுருக்கிய ஒலி வடிவமான டால்பி ஏசி-3, 256 கிலோபிட்டுக்கு மாற்றுங்கள். நாதஸ்வரத்துக்கு அது போதும். அதைவிட முக்கியம், இரண்டு டிஸ்க்காகப் பிரிப்பது. முதல் டிஸ்க்கில் வரவேற்பும் சடங்குகளும், இரண்டாவதில் முகூர்த்தம். ஒவ்வொன்றும் 80 நிமிடம் என்றால் வீடியோவுக்குச் சராசரி 7 மெகாபிட் தாராளமாகக் கிடைக்கும். டூ-பாஸ் விபிஆர் (படத்தை ஒரு முறை அலசிவிட்டு, தேவைக்கேற்ப பிட்ரேட்டைப் பங்கிடும் முறை) போட்டு, உச்சத்தை 8.5-க்கு மேல் விடாதீர்கள். 9.8 வரை விதி இடம் கொடுக்கிறது, ஆனால் எழுதிய டிஸ்க்கில் அவ்வளவு வைத்தால் பழைய பிளேயர்கள் திணறும்.

பழைய டேப்:
கை உதறுவது ஃபீல்டு வரிசைத் தப்பு. டிஜிட்டல் வீடியோ (DV) டேப் காலத்தில் லோயர்தான் முதலில், அந்தப் பழக்கம் பல ப்ரீசெட்டில் இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. ஹெச்டி கேமரா அப்பர் ஃபீல்டை முதலில் எழுதுகிறது. வரிசை மாறினால் பின்னால் வரவேண்டிய அசைவு முன்னால் வந்துவிடும். அப்பர் என்று மாற்றுங்கள். கம்ப்யூட்டரில் பார்த்து முடிவு பண்ணாதீர்கள், அங்கே இந்தத் தப்பு தெரியாமலே போகலாம். கேமரா பக்கவாட்டில் திரும்புகிற பத்து நொடியை, அழித்து எழுதக்கூடிய ஆர்டபிள்யூ டிஸ்க்கில் எழுதி டிவியில் போடுங்கள்.

தஞ்சைக் கேமரா:
அண்ணே, இரண்டு பேருக்கும் ரொம்ப நன்றி. ராத்திரி உட்கார்ந்து முகூர்த்தப் பகுதியை மட்டும் செய்து பார்த்தேன். கை உதறல் போயே போச்சு, அட்சதையில் முகம் உடையவில்லை. ஆனால் ஜரிகை இன்னும் துடிக்கிறது. முன்பைவிட அதிகமோ என்றுகூடத் தோன்றுகிறது.

பழைய டேப்:
எடிட்டில் கூர்மையைக் கூட்டும் ஷார்ப்பன் ஏதாவது போட்டிருக்கிறீர்களா?

தஞ்சைக் கேமரா:
ஆமாம், மொத்த டைம்லைனுக்கும்.

பழைய டேப்:
முதலில் அதை எடுங்கள். மெல்லிய படுக்கைக் கோடு ஒரே ஒரு வரியில் விழுந்தால் இரண்டு ஃபீல்டில் ஒன்றில்தான் இருக்கும். டிவி அதை நொடிக்கு 25 தடவை காட்டி மறைக்கிறது, அந்தத் துடிப்பைத்தான் பார்க்கிறீர்கள். கோடு இரண்டு வரிக்குப் பரவினால் அடங்கிவிடும். ஆகவே சிறிதாக்கிய பிறகு மேல்கீழாக மட்டும் துளி பிளர் கொடுங்கள். மனசு ஒப்பாது, எனக்கும் முதலில் ஒப்பவில்லை, ஆனால் டிவியில் பார்த்தால் படம் நிதானமாக நிற்கும்.

இன்னொன்று. 1080 இன்டர்லேஸை அப்படியே 576-க்குச் சுருக்கினால் இரண்டு ஃபீல்டும் ஒன்றோடொன்று கலந்துவிடும். முதலில் நொடிக்கு 50 முழு ஃபிரேமாகப் பிரிக்க வேண்டும், பிறகு சுருக்கி, மறுபடி ஃபீல்டாகப் பின்ன வேண்டும். உங்கள் மென்பொருள் இதை ஒழுங்காகச் செய்யாவிட்டால் அவிசிந்த் என்ற மென்பொருள் இலவசம்தான், கற்றுக்கொள்ள ஒரு வாரம் ஆகும், ஆனால் உழைப்பு வீணாகாது.

எடிட் மேசை:
கூடவே நிறத்தையும் பாருங்கள். ஹெச்டியின் நிறக் கணக்கு முறை ரெக் 709, டிவிடிக்கு ரெக் 601. மாற்றாமல் விட்டால் குங்குமச் சிவப்பு கொஞ்சம் மங்கும்.

தஞ்சைக் கேமரா:
ஷார்ப்பனை எடுத்து, 50 ஃபிரேமாகப் பிரித்து, பிளரும் கொடுத்து இன்று மறுபடி எழுதினேன். பாட்டி வீட்டுக்கே கொண்டுபோய் அவர்கள் டிவியில் போட்டோம். ஜரிகை அசையவே இல்லை. தாலி கட்டுகிற இடத்தை பாட்டி மூன்று தடவை போடச் சொன்னார்கள். இரண்டாவது டிஸ்க்கை எட்டாம் வேகத்தில் எழுதிக்கொண்டிருக்கிறேன். மேலே ஃபோட்டோ ஸ்டிக்கர் ஒட்டலாமா?

எடிட் மேசை:
வேண்டாம் தம்பி. ஸ்டிக்கர் ஓரம் பெயர்ந்தால் டிஸ்க் பிளேயருக்குள் சிக்கும். பிரிண்டபிள் டிஸ்க் வாங்கி நேராக அதிலேயே அச்சிடுங்கள்.