புதுப்பிப்பு: ஸ்னோபோர்டில் விழுந்தபின் ஆறாத கணுக்கால் வலி

ஸ்னோபோர்டில் (பனியில் சறுக்கும் பலகையில்) விழுந்து, எக்ஸ்ரேயில் ஒன்றும் தெரியாமல், சுளுக்கு என்று விடப்பட்ட வலி வாரக்கணக்கில் நீடிப்பதைப் பற்றி முன்பு எழுதியிருந்தேன். அதன் தொடர்ச்சி இது.

வெளிக்கணுக்கால் எலும்பின் நுனிக்கு 1 செ.மீ. கீழே விரலால் அழுத்திப் பாருங்கள். சுருக்கென்று வலித்தால் தாலஸ் எலும்பின் (கணுக்கால் மூட்டில், குதிகால் எலும்புக்கு மேலே இருப்பது) வெளிப்பக்க முனை முறிந்திருக்கலாம். சுளுக்கில் வலி பெரும்பாலும் அந்த நுனிக்குச் சற்று முன்னால் இருக்கும். வீக்கம் வடியும்வரை பிரித்தறிவது கடினம்தான். சாதாரண எக்ஸ்ரே இதை அடிக்கடி தவறவிடும். அதனால் சி.டி. ஸ்கேன் வேண்டுமா என்று மருத்துவரிடம் கட்டாயம் கேளுங்கள்.

முறிந்த எலும்புத் துண்டு 2 மி.மீ.க்குள் விலகியிருந்தால் பொதுவாக 6 வாரம் மாவுக்கட்டு, காலை ஊன்றவே கூடாது. அதற்குமேல் விலகினால் ஸ்க்ரூ வைத்துப் பொருத்துவார்கள். நொறுங்கிய சில்லுகளை எடுத்துவிடுவதும் உண்டு. வலியோடு நடந்து சமாளிக்காதீர்கள். எலும்பு கூடாமல் போனால், தாலஸுக்கும் குதிகால் எலும்புக்கும் இடையிலுள்ள மூட்டு தேய ஆரம்பிக்கும்.