பல கதை, ஒரே நகரம்: இவ்வகைப் படத்துக்கு என்ன சொல்?

நண்பர்களுக்கு வணக்கம். திரைப்பட ரசனை வகுப்புக்கான பரிந்துரைக் குறிப்பு இன்றிரவு அச்சுக்குப் போக வேண்டும். படம், மெக்சிகோ இயக்குநர் இன்யாரித்துவின் 'அமோரெஸ் பெர்ரோஸ்' (2000). அண்ணன் மனைவியை விரும்பும் இளைஞன், விளம்பர அழகி, தெருநாய்களோடு வாழும் கூலிக்கொலைகாரர். மூவர் கதையும் மெக்சிகோ நகரத்தில் ஒரு கார் விபத்தில் வந்து முட்டுகின்றன. இவ்வகையை ஹைப்பர்லிங்க் சினிமா என்கிறார்கள். அதை அப்படியே மொழிபெயர்த்து 'மீயிணைப்புத் திரைப்படம்' என்று எழுதினால், இணையத்தைப் பற்றிய படமா என்று மாணவர்கள் கேட்கிறார்கள். வேறு சொல் தாருங்கள்.

*

மீயிணைப்பை விட்டுவிடுங்கள். அந்த ஆங்கிலப் பெயர் புழக்கத்துக்கு வந்ததே 2005 வாக்கில்தான். ஆனால் அமெரிக்க இயக்குநர் ஆல்ட்மன் இதே வகையில் 'நாஷ்வில்' எடுத்தது 1975-இலேயே. 'பின்னல்கதைப் படம்' என்று போடுங்கள், சொன்னதும் புரியும்.

*

பின்னலில் இழைகள் திரும்பத் திரும்பக் குறுக்கிடும். ஆல்ட்மனின் லாஸ் ஏஞ்சலிஸ் படமான 'ஷார்ட் கட்ஸ்' (1993) அப்படிப்பட்டது, ஒரு கதையின் ஆள் அடுத்த கதைக்குள் நுழைந்துகொண்டே இருப்பார். 'அமோரெஸ் பெர்ரோஸ்' படத்திலோ மூவரும் ஒருவருக்கொருவர் அறிமுகமே ஆவதில்லை. விபத்து ஒன்றுதான் முடிச்சு, அதையும் வெவ்வேறு பக்கத்திலிருந்து மறுபடி காட்டுகிறார்கள். செய்யுளில் சொற்களைக் கூட்டிப் பொருள் கொள்ள நன்னூல் சொல்லும் எட்டு முறைகளில், அதாவது பொருள்கோள்களில், தாப்பிசை இதுதானே! 'உண்ணாமை உள்ளது உயிர்நிலை ஊனுண்ண' என்ற குறளில் நடுவில் நிற்கும் 'ஊன்' முன்னும் போகிறது, பின்னும் போகிறது. ஊன் உண்ணாமை, ஊன் உண்ண. தாம்பு என்றால் ஊசல். 'தாப்பிசைப் படம்' என்பதே என் பரிந்துரை.

*

ஐயா, உவமை அருமை. ஆனால் தாப்பிசையில் பொருள் போவது இரண்டு பக்கம், இங்கே கதை மூன்று. அணியிலக்கண நூலான தண்டியலங்காரம் சொல்லும் தொகைநிலையை, அதாவது பல பாடல்களை ஒன்றாகத் தொகுக்கும் வகையைப் பாருங்கள். இடத்தால் தொகுத்ததற்கு, போர்க்களத்தைப் பாடும் களவழி நாற்பதை உரைகாரர் காட்டுவார். 'நகர்த்தொகைப் படம்' எனலாமே?

*

தொகை என்றால் தனித்தனிக் குறும்படங்களைச் சேர்த்த ஆந்தாலஜி என்றே எடுத்துக்கொள்வார்கள். அதோடு, களவழியில் களம் ஒன்று, பாடியவரும் ஒருவர். இங்கே நகரம் வெறும் இடமில்லை. நாய்ச்சண்டையில் இறங்கும் அந்த இளைஞனும் அடுக்ககத்து விளம்பர அழகியும் சேர வழியே இல்லாத ஊர் அது, தெரு மட்டும்தான் அவர்களுக்குப் பொது. அதைக் குறிப்பில் இரண்டு வரி எழுதுங்கள். சொல் எதுவானாலும் மாணவர்கள் படத்தைப் பார்ப்பார்கள்.

*

அப்புறம் தமிழ்த் தூய்மை பேசுகிறவர்களுக்கு ஒன்று: பின்னலும் நல்ல தமிழ்ச் சொல்தான். நன்னூல் படிக்காதவருக்கும் புரிவது அதற்குக் குறையாகாது.

*

சரி, பெரும்பாலோர் பின்னல்கதை என்கிறீர்கள். அப்படியே அனுப்புகிறேன். தெரு பற்றிய வரிகளையும் சேர்த்துவிட்டேன். நன்றி.

*

அச்சாகட்டும், தடுக்கவில்லை. ஆனால் தாப்பிசை சொன்ன எனக்கு உடன்பாடும் இல்லை. மூன்று கதை என்ற தடையும் நிற்காது: விபத்திலிருந்து ஒரு கதை பின்னோக்கிப் போகிறது, மற்ற இரண்டும் முன்னோக்கி வருகின்றன. 'ஷார்ட் கட்ஸ்' பின்னல்கதை, இது தாப்பிசை. இரண்டுக்கும் ஒரே பெயர் வைத்தால் வகுப்பில் அந்த வேறுபாட்டை எப்படிச் சொல்லித் தருவீர்கள்?