உணவுப் பட்டியலுக்காக உமிழ்நீர் கொடுத்தோர் அனுபவம்

முள்ளியவளையான்

உமிழ்நீரில் மரபணுவைப் பார்த்து உணவுப் பட்டியல் தரும் அந்தப் பரிசோதனைப் பெட்டியைப் பற்றி இங்குள்ளவர்களுக்கு விளக்கத் தேவையில்லை. கனடாவிலிருந்து வந்த மருமகன் ஆளுக்கொன்று கொண்டுவந்திருந்தான். அம்மாவுக்குச் சீனி வருத்தம். எதை உண்ணலாம், எதை விடலாம் என்று மரபணுவே சொல்லிவிடும் என்பது அவனுடைய நம்பிக்கை. அரை மணி நேரம் எதுவும் உண்ணவோ குடிக்கவோ கூடாது என்பதால் அம்மா காலைத் தேநீரும் இல்லாமல் திண்ணையில் இருந்தார். எழுபத்தாறு வயதில் வாயில் எச்சில் எங்கே ஊறும்? குழாயில் போட்டிருந்த கோட்டுக்கு வெகு கீழே நுரைதான் நின்றது. மருமகன் தேசிக்காயை வெட்டி மூக்கருகே பிடித்தான். அப்போதுதான் அம்மா குழாயைக் கையில் வைத்தபடி கேட்டார்: "இதை வைச்சுத் தம்பியைக் கண்டுபிடிப்பினமோ?"

2023 யூனில் முல்லைத்தீவு மாவட்டத்துக் கொக்குத்தொடுவாயில் நீர்க்குழாய் பதிக்க வெட்டிய குழியில் மனித எச்சங்கள் வெளிப்பட்டதிலிருந்து, தம்பி காணாமற்போன எங்கள் வீட்டில் டி.என்.ஏ. என்றால் அந்த ஒரு பொருள்தான். மருமகனுக்குத் தமிழ் விளங்கும். அந்தக் கேள்வி விளங்கவில்லை. "ஓம் அம்மம்மா, எல்லாம் கண்டுபிடிக்கும்" என்றான். நானும் திருத்தவில்லை. அம்மா கோட்டுக்கு மேலேயும் நிரப்பிக் கொடுத்தார். பிறகு வந்த அறிக்கை பாலைத் தவிர்க்கச் சொல்லியிருந்தது.

பரந்தன் ஆசிரியை

நானும் தங்கையும் ஒரே கருவிலிருந்து பிரிந்த இரட்டையர். இலண்டனில் இருக்கும் அவள்தான் இருவருக்கும் பணம் கட்டினாள். அறிக்கைகள் வந்த இரவு, நான் வகுப்பில் இடாப்பு வாசிப்பதுபோல, காணொளி அழைப்பில் ஒவ்வொரு வரியாக மாறி மாறி வாசித்தோம். காபீன் மெதுவாகவே உடையும், எஃப்.டி.ஓ. மரபணுவில் எடை கூட்டும் வகை இரண்டு பிரதி, உண்ண வேண்டியவை கீன்வா, சால்மன், புளூபெரி: எல்லாம் எழுத்துப் பிசகாமல் ஒன்றாகவே இருந்தன. சிரித்துக்கொண்டே வந்தவள், அன்று காலை வெறுவயிற்றில் எனக்குச் சீனி எவ்வளவு என்று கேட்டாள். 187 என்றேன். அவளுக்கு அது 95ஐத் தாண்டியதே இல்லை. "ஏனக்கா உனக்கு மட்டும்?" என்றாள். அவள் 1996இல் போய்விட்டாள். நான் எத்தனை முறை இடம்பெயர்ந்தேன் என்று எண்ணுவதை நிறுத்திவிட்டேன். பரிசோதனைப் படிவத்தில் அதைக் கேட்கும் கட்டம் இல்லை.

ஆய்வுகூடத்தான், வவுனியா (ஓய்வு)

மகனின் வற்புறுத்தலால் நானும் துப்பினேன். எனக்கும் அதே கீன்வாதான் வந்தது. ஆனால் மேலே இருவர் எழுதியவற்றில் சிலவற்றைத் தெளிவாக்க வேண்டும்.

முள்ளியவளை ஐயா, உங்கள் அம்மாவின் பால் தேநீரைத் தயவுசெய்து நிறுத்தாதீர்கள். பாலில் உள்ள லக்டோஸ் என்ற சீனியை உடைக்கும் லக்டேஸ் நொதி வளர்ந்தபின் குறைவது உலகில் பெரும்பாலானோருக்கு இயல்பானது. அப்படிப்பட்டவர்களிலும் பலர் ஒரு கோப்பைப் பாலில் உள்ள ஏறத்தாழ 12 கிராம் லக்டோசைத் தொல்லையின்றித் தாங்குவர். இரண்டு கரண்டிப் பால்மாவில் அவ்வளவு வராது; தயிரில் நுண்ணுயிர்களே அதில் ஒரு பங்கைத் தின்றுவிடுகின்றன. வயிறு ஊதுகிறதா என்று அம்மாவைக் கேட்டாலே போதும். சீனி வருத்தக்காரருக்குத் தேநீரில் கவனிக்க வேண்டியது பாலைவிட அதில் போடும் சீனியை.

ஆசிரியை அவர்களே, எஃப்.டி.ஓ.வை நினைத்து அஞ்ச வேண்டாம். 2007இல் ஐரோப்பியரிடம் அது கண்டறியப்பட்டபோது, இரண்டு பிரதி உடையோர் ஒன்றும் இல்லாதோரைவிடச் சராசரியாக மூன்று கிலோ அளவே கூடியிருந்தனர். அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகத்தார் 609 பேருக்கு ஓராண்டு குறைந்த கொழுப்பு உணவையும் குறைந்த மாச்சத்து உணவையும் பிரித்துக் கொடுத்து, 2018இல் முடிவை வெளியிட்டார்கள். மரபணு வகைக்கு எந்த உணவு பொருந்தும் என்று முன்கூட்டியே கணித்திருந்தும், யாருக்கு எவ்வளவு எடை குறையும் என்பதை அந்தக் கணிப்பு காட்டவில்லை. ஆகவே கிளினிக்கில் தரும் மருந்தை ஒழுங்காக எடுங்கள், மாலையில் நடவுங்கள், சோற்றைக் குறைத்துக் கீரையைக் கூட்டுங்கள், குரக்கன் புட்டு என்றதும் இரண்டு மடங்கு உண்ணாதீர்கள், குரக்கனும் மாச்சத்துத்தான்.

ஒட்டுசுட்டான் விவசாயி

வவுனியா ஐயா, ஆசிரியை தங்கையைப் பற்றி எழுதினார். நீங்கள் அவரை நடக்கச் சொல்கிறீர்கள். முள்ளியவளையார் கேட்டதும் பாலைப் பற்றியல்ல. சோற்றைக் குறைக்கச் சொல்லி எனக்கு அறிக்கை வந்த அன்று, நான் காலபோக நெல்லை மூட்டை கட்டிக்கொண்டிருந்தேன்; கைப்பேசியைச் சாக்கின்மேல் வைத்துவிட்டு வேலையைத் தொடர்ந்தேன். என் கதை அவ்வளவுதான்.

ஆய்வுகூடத்தான், வவுனியா (ஓய்வு)

ஏற்றுக்கொள்கிறேன். கேட்ட கேள்விக்கே வருகிறேன். உணவுக் கம்பனிகள் பொதுவாக மரபணுவில் குறிப்பிட்ட இடங்களில் உள்ள தனி எழுத்துகளை வாசிக்கின்றன. எச்சங்களை அடையாளம் காண வழமையாகப் பார்ப்பது, திரும்பத் திரும்ப வரும் சிறு துண்டுகளின் எண்ணிக்கையை. எலும்பிலிருந்து மாதிரி எடுத்து, அதைத் தாயின் மாதிரியோடு பக்கத்தில் வைத்து ஒப்பிட யாராவது இருக்க வேண்டும். அம்மாவின் உமிழ்நீர்க் குழாய் போன இடத்தில் அப்படி ஒருவரும் இல்லை. இதை அம்மாவுக்கு எப்படிச் சொல்வது என்று எனக்குத் தெரியாது.

முள்ளியவளையான்

நன்றி ஐயா. அம்மா பால் தேநீர் குடிக்கிறார். பெட்டியின் பட்டைக்குறியீட்டில் கிழித்து வைக்கச் சொன்ன பாதியை, தம்பியின் அடையாள அட்டைப் பிரதி இருக்கும் அதே கோவைக்குள் வைத்திருக்கிறார். கனடாவிலிருந்து அழைப்பு வந்தால், கதைத்து முடியும்வரை பக்கத்திலேயே நிற்கிறார்.