புதுப்பிப்பு: நூலக அறிவியல் படித்த தங்கைக்குப் பயிற்சி இடம் கிடைத்துவிட்டது

நூலக அறிவியல் முதுகலை முடிக்கும் தங்கைக்கு உதவித்தொகையோடு பயிற்சி எங்கே கிடைக்கும் என்று முன்பு கேட்டிருந்தேன். கிடைத்துவிட்டது! ஒரு மத்திய அரசுக் கல்வி நிறுவனத்தில் ‘லைப்ரரி டிரெய்னி’. ஓராண்டு, மாதாமாதம் பணம்.

அப்போது பதிலில் நீங்கள் சொன்னது சரி. ஐஐடி, ஐஐஎம் போன்றவற்றின் இணையதளங்களில் வேலைவாய்ப்புப் பக்கத்தை விடாமல் பார்க்க வேண்டும். தொகையும் வயது வரம்பும் இடத்துக்கு இடம் மாறும். முடித்தபின் நிரந்தர வேலை என்ற உறுதி கிடையாது.

நேர்முகத்தில் ஒரு தமிழ் நாவலைக் கையில் கொடுத்து டியூவி எண் (புத்தகங்களைப் பொருள்வாரியாகப் பிரிக்கும் எண்) போடச் சொன்னார்களாம். தமிழ் இலக்கியம் 894.811, புனைகதைக்கு ஒரு 3 சேர்த்து 894.8113 என்று எழுதியிருக்கிறாள். அப்புறம் அதே புத்தகத்தைக் கோஹா என்ற நூலக மேலாண்மை மென்பொருளில் ஏற்றிக் காட்டச் சொல்லியிருக்கிறார்கள். கோஹா கட்டற்ற மென்பொருள்தான், வீட்டுக் கணினியிலேயே நிறுவிப் பழகலாம். பழகாமல் போகாதீர்கள்.

இதற்கு முன் ஒரு தனியார் கல்லூரியில் அனுபவச் சான்றிதழ் மட்டும் தருவோம், பணம் இல்லை என்றார்கள். ஸ்டிக்கர் ஒட்டுவது முதல் இருப்புச் சரிபார்ப்பு வரை முழுநேர வேலை! இந்திய நூலக அறிவியலின் தந்தை எனப்படும் ரங்கநாதன் 1929-இல் நூலகப் பயிற்சி வகுப்பு தொடங்கிய சென்னையில், படித்த பிள்ளைகளைச் சும்மா உழைக்கச் சொல்வது எனக்குப் பொறுக்கவில்லை. அவளும் மறுத்துவிட்டாள்.

பட்டச் சான்றிதழ் கைக்கு வராதவர்கள் தற்காலிகச் சான்றிதழை மறக்காமல் கொண்டுபோங்கள். சரிபார்ப்பில் முதலில் அதைத்தான் கேட்டார்கள்.