கோழிக்கருவின் தாடைத் தசையில் மையோடி தெரியவில்லை, உதவுங்கள்

வணக்கம். கோழிக்கருவின் தாடைத் தசைகளில் தசை உருவாக்கத்தைத் தூண்டும் மையோடி (MyoD) மரபணு வெளிப்படுவதை, முழுக்கருவில் இன் சிட்டு ஹைப்ரிடைசேஷன் (மரபணுவின் ஆர்என்ஏ இருக்கும் இடத்தை, அதோடு ஒட்டும் புரோப்பால் நிறமாகக் காட்டும் முறை) செய்து பார்க்கிறேன். மூன்று மாதமாகத் தலையில் மட்டும் தோல்வி. சோமைட்டுகளிலும் (முதுகோரத்தில் வரிசையாக இருக்கும் திசுத் துண்டங்கள்) கால், இறக்கை மொட்டுகளிலும் ஊதா நிறம் தெளிவாக வருகிறது. தாடையில் ஒன்றுமே இல்லை. மூளை அறைகளுக்குள் மட்டும் சாயம் கலங்கலாகத் தேங்கி நிற்கிறது.

வெள்ளை லெகார்ன் முட்டைகள், 38 டிகிரியில் 5 நாள், ஹாம்பர்கர்-ஹாமில்டன் நிலை 26 (கோழிக்கரு வளர்ச்சியின் படிநிலை எண்). 4% பாராஃபார்மால்டிஹைடில் ஓர் இரவு வைத்துப் பதப்படுத்தினேன். டிக் (டிகாக்ஸிஜெனின்) குறியிட்ட ஆர்என்ஏ புரோப், 65 டிகிரி, சாயத்துக்கு என்பிடி-பிசிஐபி.

திசுவைத் தளர்த்தும் புரோட்டினேஸ் கே நொதியின் நேரத்தை 15 நிமிடத்திலிருந்து 30க்கு ஏற்றினேன். தாடையின் மேல்தோல் உரிந்துபோனதே தவிர பலன் இல்லை. பின்மூளையில் ஊசியால் துளையிட்டதில் தேக்கம் ஓரளவு குறைந்தது. புரோப்பைப் புதிதாகத் தயாரித்தும் அதே கதைதான். சென்ஸ் புரோப்பில் (எதோடும் ஒட்டக்கூடாத ஒப்பீட்டுப் புரோப்) எங்கும் நிறமில்லை, அது சரி.

அப்புறம் ஒரு முக்கியமான விஷயம்: இதே தொகுதிக் கருக்களில் பிஎம்பி4 புரோப் போட்டால் அலகு முகடுகளில் நன்றாகவே வருகிறது. டார்வின் குருவிகளின் அலகுத் தடிமனோடு தொடர்புள்ள அதே மரபணுதான். ஆகவே ஆர்என்ஏ கெடவில்லை. பிஎம்பி4 தோலையொட்டி வெளிப்படுவது, தசையோ ஆழத்தில் இருப்பது. புரோப் உள்ளே போய்ச் சேரவில்லை என்றே சந்தேகப்படுகிறேன்.

கையில் 12 நல்ல கருக்கள்தான் மிச்சம். இவற்றின் தலையை நடுக்கோட்டில் இரண்டாகப் பிளந்து மறுபடி முயலலாமா, அல்லது நேராக உறையவைத்து கிரையோஸ்டாட் கருவியில் மெல்லியதாகச் சீவிப் பார்ப்பதுதான் சரியா?